நோட்டில் எழுதாத பொங்கல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் யோசித்திருக்கிறேன். பேனாவை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். காரணம் பயம்தான். பிரசாதத்தைப் பற்றி ஒரு குறைச்சொல் என் கையால் எழுதிவிட்டால் அது பாவமாகிவிடுமோ என்ற பயம். என் மகனைப் பற்றி நாலு பேர் வேறு மாதிரி பேசிவிடுவார்களோ என்பது இன்னொரு பயம். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். லோரி ஓட்டிக் குடும்பத்தைப் பார்த்தவன். சுற்றி வளைத்து எழுதத் தெரியாது, நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும். அந்த ஒன்றை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு கிள்ளானில். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. பெரிய கோயில் என்று சொல்ல முடியாது, ஆனால் பிரகாரம் நல்ல அகலம், சிமெண்டு தரை, வெயில் படாமல் கூரை போட்டிருக்கிறார்கள். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லோரி என்னுடையது. விடியுமுன் கிளம்பினால் மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் வீடு வந்துவிடுவேன். குளித்து, திருநீறு பூசிக்கொண்டு நேரே கோயில் மடப்பள்ளிக்குப் போய்விடுவேன். மாலை பூசைக்குப் பிரசாதம் செய்வது பதினெட்டு வருஷமாக என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, நானும் கேட்டதில்லை. செவ்வாய், வெள்ளி சர்க்கரைப் பொங்கல். மற்ற நாளில் புளிச்சோறு, தயிர்ச்சோறு, உளுந்து வடை என்று உபயக்காரர் விருப்பப்படி. என் பொங்கலைச் சாப்பிட ஷா ஆலாமிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போவது விளங்க வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மகன் இராணுவத்தில் இருக்கிறான். எங்கள் தாமான் குடியிருப்பில் இராணுவத்துக்குப் போன முதல் தமிழ்ப் பையன் அவன்தான். பயிற்சியில் ஒரு தடவை முட்டி பிசகிவிட்டது. ஆறிய பிறகும் ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கோலாலம்பூர் பக்கம் ஒரு கேம்பில் ஸ்டோர் வேலைக்கு மாற்றினார்கள். சிகிச்சைக்காக வீட்டிலிருந்து போய்வர அனுமதியும் கிடைத்தது. ஓட்டம் நின்றது, உட்கார்ந்த வேலை, அம்மா கைச்சாப்பாடு. இரண்டு வருஷத்தில் பழைய சீருடை ஒன்றும் சேரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கோப்ரலாகப் பதவி உயர்வு பெறுவதற்கான பயிற்சிக்கு அவன் பேர் வந்தது. அதற்கு முந்தின வருஷமே வந்து, எடை கூடுதல் என்று பேரை அடித்துவிட்டார்கள். இந்தத் தடவை மூன்று மாசம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் எட்டு கிலோ குறைந்தால் போகலாம். இல்லையென்றால் அடுத்து எப்போது பேர் வரும் என்று யாருக்கும் தெரியாது.

கேம்பில் ஒரு மருத்துவ உதவியாளர் இருந்தார், மலாய்க்காரர். அவர் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் வாயில் போடுவதை எல்லாம் எழுது, வீட்டில் பெரியவர் ஒருவர் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர் நான்.

வீட்டில் எல்லாம் மாறியது. என் மனைவி வெள்ளைச் சோற்றை ஒரு கிண்ணம் என்று அளந்தாள். பொரித்த மீன் போய் அவித்த மீன் வந்தது. தேத்தண்ணீரில் கட்டிப்பால் நின்றது. மகன் ஒரு நாள் முணுமுணுக்கவில்லை. ஓட முடியாதே, என்ன பயிற்சி செய்வது என்று அவன் கேட்டபோது நான்தான் வழி சொன்னேன். கோயிலைத் தினம் நூற்றெட்டு சுற்று சுற்று, வேகமாக நட, வேண்டுதலும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு என்றேன். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளை நேரே கோயிலுக்கு விடுவான். ஒரு கிண்ணத்தில் நூற்றெட்டு கொண்டைக்கடலை, ஒரு சுற்றுக்கு ஒன்று எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடுவான். முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். மடப்பள்ளி ஜன்னல் வழியாக அவன் கடந்து போவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

முதல் மாசம் எடை பார்த்தார்கள். அரை கிலோ குறைந்திருந்தது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஆறாவது வாரம் பார்த்தார்கள். அந்த அரை கிலோ திரும்ப வந்து, மேலே ஒரு கிலோவும் ஏறியிருந்தது.

அன்றைக்கு மகன் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். அம்மா தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகுதான் சொன்னான். அவனுடைய மேலதிகாரி, சார்ஜன், நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் எழுதியிருப்பதைத்தான் நீ சாப்பிடுகிறாய் என்றால் இந்நேரம் காற்றில் பறந்திருப்பாய் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். எடை கூடினவனைப் பயிற்சிக்கு அனுப்பாமல் இருக்கலாம், பொய் எழுதுகிறவனை எதற்குமே அனுப்ப முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். கூட இருந்தவர்கள் அவனுக்கு 'நாவலாசிரியர்' என்று பேர் வைத்துவிட்டார்களாம்.

என் மனைவிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "அவிச்சுக் கொட்டுனது நான். என்னைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லு, அந்த ஆள," என்றாள்.

எனக்கும் இரத்தம் கொதித்தது. ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து இருக்கிறது. திருநீறு பூசின கையோடு போட்ட கையெழுத்து. மகன் பொய்யன் என்றால் நானும் பொய்யன். மறுநாள் லோரிக்கு லீவு சொல்லிவிட்டு, மகன் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேம்புக்குப் போனேன். வாசலில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, சார்ஜன் வெளியே போயிருக்கிறார், மருத்துவ அறையில் போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார்கள்.

அந்த மருத்துவ உதவியாளர் என் வயசுக்கு ஐந்தாறு குறைவாக இருப்பார். என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் தெரிந்த மலாயில் படபடவென்று பேசினேன். என் மகன் பொய் சொல்கிற பிள்ளை இல்லை, நான் கோயிலில் தொண்டு செய்கிறவன், கண்ணால் பார்க்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, சரி அங்கிள், அவனுடைய ஒரு நாளை முதலிலிருந்து எனக்குச் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். காலை ஓட்ஸ், மத்தியானம் கட்டிக்கொண்டு போகிற சோறு, எல்லாம் நோட்டில் இருந்தபடியே. சாயங்காலம் நூற்றெட்டு சுற்று என்றதும் அவர் புருவம் உயர்ந்தது. ஒரு சுற்று எவ்வளவு தூரம் என்று கேட்டு மனசுக்குள் கணக்குப் போட்டார். அப்படியென்றால் நல்லாவே குறைந்திருக்க வேண்டுமே என்றார்.

"சுற்றி முடித்த பிறகு என்ன செய்வான், அங்கிள்?"

"சாமி கும்பிடுவான். பிரசாதம் வாங்கிக்குவான். வீட்டுக்கு வந்துடுவான்."

பிரசாதம் என்றால் என்ன என்று கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் தொழில் லோரி, என் உயிர் மடப்பள்ளி. அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், முந்திரி, திராட்சை என்று வரிசையாகச் சொன்னேன். நெய்யில் நான் கஞ்சம் பிடிப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். எவ்வளவு கொடுப்பீர்கள் என்றார். எல்லோருக்கும் ஒரு கப், மகனுக்கு மட்டும் பானையில் மிச்சம் இருப்பதைத் தட்டில் வழித்துப் போடுவேன் என்றேன். பிரசாதத்தைக் கொட்டக்கூடாது, அதனால்.

அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அங்கிள்?"

நான் அந்த நோட்டைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் அது என் புத்தியில் தட்டவே இல்லை. நாற்பது பக்கத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தினமும் என் கையாலேயே அவனுக்குப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, அது இல்லாத பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் விரத நாளில் கூடப் பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பது கிடையாது. ஒரு வேளை மட்டும் உண்கிறவர்களும் பிரசாதம் வாங்கிக்கொள்வார்கள். விரதம் கலையாது என்பதால் அது உடம்பிலும் ஒட்டாது என்றே நினைத்துவிட்டோம்.

"அது சாப்பாடு இல்லைங்க. சாமி கொடுக்கிறது," என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

அவர் ஏளனமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர் பேசவில்லை. எங்கள் சூராவ் தொழுகை இடத்திலும் நோன்பு மாதம் இரவுத் தொழுகைக்குப் பிறகு மோரே என்று பலகாரம் வைப்பார்கள் அங்கிள், பக்கத்து வீட்டு அம்மா செய்துகொண்டு வருவது, வேண்டாம் என்று சொல்ல முடியுமா, பகலெல்லாம் பட்டினி கிடக்கிற நான் ஒவ்வொரு வருஷமும் இரண்டு கிலோ ஏறுகிறேன் என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். பிறகுதான் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. நேரே மடப்பள்ளிக்குப் போனேன். வழக்கம்போல ஐம்பது பேருக்கு வடித்தேன், வழக்கம்போல இருபது பேர்தான் வந்தார்கள். எல்லோருக்கும் கொடுத்து, வீட்டுக்குக் கேட்டவர்களுக்கும் கட்டிக் கொடுத்த பிறகு மகனுடைய தட்டை எடுத்து, எப்போதும் போடுகிற அளவு பொங்கலை வழித்துப் போட்டேன். பிறகு அதே பொங்கலை, கோயிலில் கொடுக்கிற கப்பில் ஒவ்வொன்றாக நிரப்பி மேசையில் வைத்தேன். ஆறு கப் வந்தது. என் பிள்ளை தினமும் ஆறு பேருடைய பிரசாதத்தைச் சாப்பிட்டிருக்கிறான். நெய் டின்னைப் பார்த்தேன். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மகன் நூற்றெட்டை முடித்துத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். மேசையில் வரிசையாக ஆறு கப்பையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கேம்பில் நடந்ததைச் சொன்னேன். தப்பு என் மேல்தான்டா என்றேன்.

"எனக்குத் தெரியும்ப்பா," என்றான்.

எப்போதிருந்து என்று கேட்டேன். ரெண்டாவது வாரத்திலிருந்தே என்றான்.

"பிறகு ஏன்டா எழுதல? ஏன்டா வேணாம்னு சொல்லல?"

"நீங்க கரண்டியும் பானையுமா சிரிச்சிக்கிட்டே நிப்பீங்க. எப்படிப்பா வேணாம்னு சொல்றது? எழுதலாம்னா, சாமி பிரசாதத்தப் பிஸ்கோத்துக்கும் கோழிக்கும் நடுவுல எழுதி, அத ஒரு சார்ஜன் சிவப்பு மையால சுழிச்சு வைப்பாரு. மனசு வரல. என்னைப் பொய்யன்னு சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவன் இராணுவத்தில் இருக்கிறவன், அழமாட்டான். நான் அழுதேன். எனக்காகவும் சாமிக்காகவும் என் பிள்ளை பொய்யன் என்ற பேரைச் சுமந்திருக்கிறான். அதே நேரம் ஒன்று தெளிவாகவும் விளங்கியது. முருகன் கொடுக்கச் சொன்னது ஒரு கப். மீதி ஐந்து கப்பும் நான் கொடுத்தது. என் ஆசையை, என் கைப்பெருமையைச் சாமி பேரில் ஏற்றி அவன் தட்டில் போட்டிருக்கிறேன். இது விளங்கின பிறகு எனக்குப் படபடப்பு போய்விட்டது. செய்ய வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அன்றைக்கே நோட்டின் கடைசிப் பக்கத்தில் மலாயில் எழுதினேன். கோயிலில் கொடுக்கும் பிரசாதச் சோற்றை இத்தனை நாள் எழுதாமல் விட்டோம், தினமும் ஆறு கப், போட்டது தகப்பன், கையெழுத்தும் தகப்பன் என்று எழுதிக் கீழே பேர் போட்டேன். மகன் அதைப் படித்துவிட்டு, இரண்டாவது வாரத்திலிருந்து எனக்குத் தெரியும் என்று தானும் ஒரு வரி எழுதினான். அதை எழுதாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சார்ஜன் கிழக்கே சரவாக் மாநிலத்துக்காரர். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாராம். பிறகு, தெரிந்தும் மறைத்ததற்காக இரண்டு வாரம் ஸ்டோர் முழுவதையும் தனியாகக் கூட்டிக் கழுவ வைத்தார். ஆனால் 'நாவலாசிரியர்' என்று கூப்பிடுவதை அன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நான் என் பங்குக்கு அடுப்பை மாற்றினேன். இருபது பேர் வருகிற நாளில் இருபத்தைந்து பேருக்குத்தான் வடித்தேன். நெய்யைப் பாதியாக்கினேன். வாரத்தில் நாலு நாள் சுண்டல், தேங்காய் கொஞ்சமாகப் போட்டு. மகனுக்கு ஒரு கரண்டி, எல்லோருக்கும் கொடுத்த பிறகு, கடைசியாக. அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவான்.

கோயில் கமிட்டியில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், அதைச் சமாளித்துவிட்டேன். உபயக்காரர்களைச் சமாளிப்பதுதான் பாடாகிவிட்டது. லிட்டில் இந்தியாவில் சேலைக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, அவருடைய வெள்ளிக்கிழமை உபயத்தன்று மடப்பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"என்ன அண்ணே, என் உபயத்துக்கு மட்டும் எறும்புக்கு வச்ச மாதிரி வச்சிருக்கீங்க? வந்தவங்க என்னைக் கஞ்சம்னு நினைக்கவா?"

"முப்பது பேரு வந்தாங்க, முப்பது பேருக்கும் கிடைச்சிருச்சு. மிச்சம்தான் இல்லக்கா."

"மிச்சம் இருந்தாதான்லா நிறைவு."

"அந்த மிச்சத்தத்தான் இவ்வளவு நாளா என் மகன் வயித்துல கொட்டிக்கிட்டு இருந்தேன்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் இருந்த கப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, என் பையனுக்குப் பதினாறு வயசு அண்ணே, தொண்ணூறு கிலோவைத் தொடப்போகிறான், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரம் வந்தால் தலைவலி என்று உட்கார்ந்துகொள்கிறானாம், நாளைக்கு அனுப்புகிறேன், உங்கள் மகனோடு சுற்றட்டும் என்றார்.

மறுநாள் அந்தப் பையன் காதில் பாட்டுக் கேட்கிற கருவியை மாட்டிக்கொண்டு, தூக்கில் போடக் கூட்டிவந்த மாதிரி வந்து நின்றான். என் மகன் அவனுக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "இன்னிக்கு ஒன்பது போதும். பத்தாவது சுத்து கேட்டாலும் விடமாட்டேன்," என்றான். பையன் ஒன்பதை முடித்துவிட்டுப் பத்தாவதைக் கேட்டான். அடுத்த வாரம் அவனோடு டியூஷன் படிக்கிற மூன்று பிள்ளைகள், அதற்கடுத்த வாரம் நாலு பெண்பிள்ளைகளும் சேர்ந்து எட்டுப் பேர். கோயிலில் ஓடக்கூடாது என்று குருக்கள் சொல்லிவிட்டதால் எல்லோரும் வேக நடைதான். முன்பெல்லாம் பிரசாத நேரம் வரைக்கும் மண்டபத்தில் போனைத் தடவிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். கேம்பில் பேச்சு வாங்கிய என் மகன் பின்னால் எட்டுப் பேர் வரிசையாக நடந்து போவதை ஜன்னலில் பார்த்தேன். அவன் நடையே மாறியிருந்தது.

நாள் வந்தது. தவணை முடிகிற அன்று காலை மகன் சீருடையைப் போட்டுக்கொண்டு அம்மா காலில் விழுந்தான், என் காலிலும் விழுந்தான். மத்தியானம் துறைமுகத்தில் சரக்கு இறக்கக் காத்திருந்தபோது போன் வந்தது. ஏழு கிலோ குறைந்திருக்கிறதாம். கேட்டது எட்டு. ஒரு கிலோவில் நின்றுவிட்டது.

அவனே மேலே சொன்னான். பயிற்சி ஆரம்பிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால் அதற்குள் இன்னொரு முறை எடை பார்க்க விதியில் இடம் இருக்கிறது, சார்ஜன் போட்டுவிட்டார்ப்பா என்றான். போடும்போது அவர் சொன்னதையும் சொன்னான். ஆறாவது வாரத்தில் இதைக் கேட்டிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன், இப்போது நீ எழுதுவதை நான் நம்புகிறேன் என்றாராம்.

அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் யாரும் பதறவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பதற்றம் எங்கிருந்து வரும். இரண்டாவது முறை நின்றபோது எட்டரை குறைந்திருந்தது. அவன் பயிற்சிக்குப் போனான். டாக்டர் அனுமதியோடு முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு முடித்தான். இன்றைக்கு அவன் கோப்ரல். வடக்கே வேறொரு கேம்பில் இருக்கிறான், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கொடுப்பதும் அவன் வேலையில் ஒன்று.

இதைப் படிக்கிறவர்கள் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லுங்கள், கோயிலில் சமைக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள். நான் சொன்னபடியே சொல்லுங்கள். முருகன் அற்புதம் செய்து எட்டு கிலோவை எடுத்தான் என்று கூட்டிச் சொல்லாதீர்கள். என் பிள்ளை வியர்வை சிந்தி நடந்தான், முருகன் அவனைக் கைவிடவில்லை, இரண்டும் உண்மை. பிரசாதம் ஆளைக் கெடுக்கும் என்றும் சொல்லிவிடாதீர்கள், அந்தப் பழி எனக்கு வேண்டாம். ஒரு கப் பிரசாதம் யாரையும் கெடுத்ததில்லை. மீதி ஐந்து கப்பையும் போட்டது தகப்பன் என்ற இடத்தை, எனக்கு வெட்கமாக இருக்கும் என்று இரக்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். அதை விட்டுவிட்டால் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை.